யாம் காணாத வளையம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவிற் கல்வி நிதியைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவு)



எம்மை இவ்வவைக்கு அறிமுகஞ் செய்த தலைவர் அவர்கள், யாம் அறிவியற் பட்டம் பெற்றிருந்தும் தாய்மொழிப் பற்றின் மிகுதியால் அத்துறையை விடுத்துத் தமிழாசிரியர் ஆயினேம் என்று பாராட்டியருளினார்கள். அவர்தம் அன்பிற்கு எம் வணக்கம் உரியது. ஆயினும் அப்பாராட்டு உண்மைக்குப் பொருந்துவதன்று. வேதியியலிற் காலூன்ற மாட்டாமையால் தமிழுக்கு வந்தவர் யாம். வந்த பின்னரே தமிழ் எம்மை ஆட்கொண்டது. அது வேறு கதை. 'அறிவியற் கல்வியின் பயன்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். அப்பயனை எடுத்துரைக்க எம்மினும் தக்கார் பலர் இவ்வவையில் உளர். அதனை அடையாமற் போனது எவ்வாறு என்பதை யாம் நன்கறிவேம். ஆதலின் அதனையே சொல்லத் துணிந்தேம்.

யாம் 1998 ஆம் ஆண்டிற் பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழ் வழியில் முடித்தேம். எந்தையார்க்கு இருந்தது வானம் பார்த்த கரிசல் நிலம் நான்கு ஏக்கர். பருத்தியும் மிளகாயும் விளைந்த ஆண்டிற் கடன் தீரும். விளையாத ஆண்டில் அது வளரும். அந்நிலையில் நம் சங்கத்தின் கல்வி நிதியினின்றும் ஆண்டிற்கு மூவாயிரம் ரூபாய் உபகாரச் சம்பளமாகக் கிடைத்திராவிடின், யாம் கல்லூரி வாயிலை மிதித்திரேம். அவ்வாண்டு எம்மோடு அவ்வுதவி பெற்றவர் மற்றொருவர் உண்டு. அவர் எமக்கு அடுத்த ஊரினர், தந்தையை இழந்தவர், கணக்கில் எம்மினும் வல்லவர். இருவேமும் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், வேதியியற் பட்டப் படிப்பிற் சேர்ந்தேம். கல்லூரியின் பெயரும் நண்பரின் பெயரும் ஈண்டு வேண்டா.

பள்ளியில் அமிலம், காரம், தனிமம், சேர்மம், வினையூக்கி என்று பயின்றிருந்தேம். கல்லூரியின் முதனாள் வகுப்பிலேயே அச்சொற்கள் யாவும் ஒருங்கே மறைந்தன. ஆசிரியர் ஆங்கிலத்தில் ஐம்பது நிமிடம் பேசுவார்; யாம் கரும்பலகையிற் கண்டவற்றை எழுத்தெழுத்தாகப் பார்த்தெழுதிக்கொள்வேம். பொருள் வினவுதற்கு நாணம். வினவினால் ஆங்கிலத்தில் வினவவேண்டும். வினவுங்கால் பிழை நேரும். பிழை நேர்ந்தாற் பின்வரிசையிற் சிரிப்பெழும். எனவே யாம் கைக்கொண்ட வழி மனப்பாடம். மனப்பாடத்தை யாம் இகழ்ந்துரைக்கவில்லை. புலவர் வகுப்பில் நூற்பாக்களை உருவேற்றினேம். அவை இன்றும் வேண்டியபோது வந்து நிற்கின்றன. ஆனால் நூற்பாவை மனத்தில் ஏற்றுகின்றவனுக்கு மொழியேனும் தன்னுடையது. இன்று விளங்காதது என்றேனும் விளங்கும். பொருளும் மொழியும் இரண்டும் அயலாயிருக்க, வாக்கியத்தை மட்டும் விழுங்கினவனுக்குத் தேர்வு முடிந்த மறுதிங்களே அஃது ஒழிந்துபோம். எமக்கு அவ்வாறே ஒழிந்தது.

இதில் எமக்கு இன்றும் ஆறாத வருத்தம் ஒன்றுண்டு. எம் பாட்டனார் நாட்டு வைத்தியர். அன்னபேதி, மயில்துத்தம், நவச்சாரம், வெடியுப்பு, படிகாரம் என்பன அவர் மருந்துப் பெட்டியில் எஞ்ஞான்றும் இருக்கும். அவ்வன்னபேதியே ஆய்வுக்கூடத்தில் ஃபெரஸ் சல்ஃபேட்டு என்னும் பெயரோடு பச்சைப் பளிங்காய்ப் புட்டியில் இருந்தது. மயில்துத்தம் காப்பர் சல்ஃபேட்டு. நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. வெடியுப்புப் பொட்டாசியம் நைட்ரேட்டு. இளமையிற் கையால் தொட்டு விளையாடிய பொருள்களையே மூன்றாண்டும் அயலார் பொருள்போற் கண்டேம். சொல்லியிருந்தால் எம் பாட்டனார் மகிழ்ந்திருப்பார். யாம் பட்டம் பெறுமுன் அவர் காலமாயினார். தமிழில் இவற்றைச் சொல்ல இயலாது என்பார்க்கு ஒரு செய்தி கூறுவேம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19 ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியால் 1875 ஆம் ஆண்டிற் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூலொன்று தமிழில் வெளிவந்தது. இதனைப் புலவர் வகுப்பில் அறிந்தேமேயன்றி வேதியியல் வகுப்பில் அறிந்திலேம்.

இனி ஆய்வுக்கூடத்திற்கு வருவேம். சொல்லக் கூசுவது இதுவேயாதலின் விரைந்து கடந்துவிட மனம் விழைகின்றது. அதனாலேயே நின்று சொல்லவேண்டும்.

பருமனறி பகுப்பாய்வு என்பதொரு பயிற்சி. பியூரெட்டு என்னும் நெடிய கண்ணாடிக் குழாயினின்றும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கரைசலைத் துளித்துளியாக விடுதல் வேண்டும். கீழே குடுவையிலுள்ள கரைசல் இளஞ்சிவப்பாகி அந்நிறம் நிலைத்து நிற்குமிடத்தில் அளவைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஒத்த அளவு வருங்காறும் திரும்பத் திரும்பச் செய்தல் முறை. யாம் ஒருமுறை செய்வேம். ஏனைய இரண்டையும் இருந்தவிடத்திலேயே எழுதிக்கொள்வேம். முதலளவு 19.8 என்றால் இரண்டாவதும் 19.8, மூன்றாவது மட்டும், பார்ப்பார் ஐயுறாதவண்ணம், 19.9. அக்குறிப்பேட்டின் தூய்மையை ஆசிரியர் வகுப்பிற்கு எடுத்துக்காட்டிப் புகழ்ந்த நாளும் உண்டு.

2000 ஆம் ஆண்டு, இரண்டாம் ஆண்டின் இறுதியிற் செய்முறைத் தேர்வு வந்தது. இரண்டு உப்புக்கள் கலந்த பொடி ஒன்றைத் தருவார்கள். அதனுள் மறைந்துள்ள நான்கு உறுப்புக்களையும் மாணவன் சோதித்துக் காணுதல் வேண்டும். தேர்வுக்கு முன்னாள், ஆய்வுக்கூடத்துப் பொருள்களை எடுத்துவைக்கும் பணியாளர் ஒருவரிடம் ஆளுக்கு இருபது ரூபாய் வீதம் எழுவர் கொடுத்து, எவ்வெண்ணுக்கு எவ்வுப்பு என்னும் பட்டியலைப் பெற்றேம். 'பெற்றனர்' என்று சொல்லி யாம் ஒதுங்கிக்கொள்ளலாம்; ஆயினும் எழுவருள் யாமும் ஒருவேம். நண்பர் அதிற் சேர்ந்திலர். அதற்குக் காரணம் நேர்மையோ இருபது ரூபாய் இன்மையோ, யாம் அன்றும் வினவவில்லை, பின்னும் வினவவில்லை.

மறுநாள் எமக்கும் அவருக்கும் வந்த பொடிகளில் நைட்ரேட்டு என்னும் உறுப்புப் பொதுவாய் இருந்தது. அதனைத் துணிதற்குப் பழுப்பு வளையச் சோதனை என்று ஒன்றுண்டு. உப்பின் கரைசலோடு அன்னபேதிக் கரைசலைச் சேர்த்து, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர்ந்த கந்தக அமிலத்தை உட்சுவரின் வழியே மெல்ல இறக்கினால், அமிலம் கனமுடையதாகலின் அடியிற் சென்று தங்கும். இரண்டுஞ் சந்திக்கும் இடத்திற் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தோன்றும். யாம் அமிலத்தை இறக்கினேம். வளையம் தோன்றவில்லை. 'பழுப்பு வளையம் தோன்றிற்று. நைட்ரேட்டு உறுதியாயிற்று' என்று எழுதினேம். கை சிறிதும் நடுங்கவில்லை.

நண்பருக்கும் தோன்றவில்லை. அவர் குழாயைக் கழுவி மீண்டுஞ் செய்தார். நான்கு முறை செய்தார். செப்புத் துருவலும் அமிலமும் சேர்த்துச் சூடேற்றியபோது செம்பழுப்புப் புகை எழுந்ததையும் கண்டார். அது நைட்ரேட்டிற்கு அடையாளம். எனவே அவர் எழுதியது இது: 'புகை தோன்றிற்று, வளையம் நான்கு முறை செய்தும் தோன்றவில்லை, ஐயத்திற்குரியது.' அதற்குள் மணி அடித்தது. ஏனைய உறுப்புக்களை அவர் முடிக்கவில்லை.

எமக்கு நூற்றுக்கு 96 வந்தது. அவர் தவறினார்.

நம் கல்வி நிதியின் விதிகளை அறிந்த பெரியோர்க்கு அடுத்து நிகழ்ந்தது தெரிந்திருக்கும். ஒரு பாடத்தில் தவறினும் உபகாரச் சம்பளம் அவ்வாண்டோடு நிறுத்தப்படும் என்பது விதி. கல்லூரி அவரை விலக்கவில்லை; மூன்றாம் ஆண்டிற் படித்துக்கொண்டே தவறிய தேர்வை மீண்டும் எழுதியிருக்கலாம். கட்டணத்திற்கு வழியில்லை. அவ்வாண்டு ஆனித் திங்களில் அவர் திருப்பூருக்குப் பேருந்து ஏறினார். சங்கத்தாரைக் குறை கூறுவது எம் கருத்தன்று. அவர்கள் முன் இருந்தவை இரண்டு மதிப்பெண் பட்டியல்களே. அவ்விரண்டனுள் எது பொய் என்று அறிந்திருந்தவர் யாம் ஒருவேமே. யாம் வாய் திறந்திலேம்.

மூன்றாம் ஆண்டையும் முதல் வகுப்பில் முடித்து, 2001 ஆம் ஆண்டில் முதுகலை வகுப்பிற் சேர்தற்கு நேர்முகத் தேர்வொன்றிற்குச் சென்றேம். மூவர் அமர்ந்திருந்தனர். அவருள் முதியவர் எம் மதிப்பெண்களைக் கண்டு முகமலர்ந்து, தமிழிலேயே ஒரு வினா வினவினார்: 'தம்பி, நீங்கள் கையாற் செய்த சோதனைகளில், எதிர்பார்த்ததற்கு மாறாக முடிவு வந்த ஒன்றைச் சொல்லுங்கள், அப்போது என்ன செய்தீர்கள்?' மொழியின்மேற் பழி போடவும் வழியில்லாமற் போயிற்று. யாம் நின்றேம். மாறாக வந்தது ஒன்றும் இல்லை என்றேம். அவர் தலையசைத்துச் சான்றிதழ்களைத் திருப்பித் தந்தார். இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு புலவர் வகுப்பிற் சேர்ந்து, பின்னர்த் தமிழ்ப் பண்டிதர் பயிற்சியும் முடித்து ஆசிரியராயினேம். இதுவே எம் தமிழ்த் தொண்டின் தோற்றுவாய்.

பல்லாண்டு கழித்து, எம் பள்ளி நூலகத்திற் பழைய அறிவியற் கட்டுரை நூல்களைப் படிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. பெ. நா. அப்புஸ்வாமி அவர்கள் தொழிலால் வழக்கறிஞர். 1891 இற் பிறந்து 1986 இல் மறைந்தவர். வாழ்நாளிற் பெரும்பகுதியை அறிவியலைத் தமிழில் எழுதுதற்கே செலவிட்டவர். அத்தகையோர் எழுத்துக்களைப் படித்த சுவையால் மேலும் தேடிப் படித்தேம். அவ்வாறு அறிந்தவற்றுள் ஒன்றை இங்கிருக்கும் மாணவர்பொருட்டுச் சற்று விரித்துச் சொல்லுவேம்.

இங்கிலாந்தில் ராலே பிரபு என்னும் இயற்பியலார் வாயுக்களின் எடையை நுட்பமாக அளந்து வந்தார். காற்றினின்றும் ஆக்ஸிஜன் முதலியவற்றை நீக்கி எஞ்சிய நைட்ரஜனை ஒரு கண்ணாடிக் கோளத்தில் நிரப்பி நிறுத்தார், ஏறத்தாழ 2.310 கிராம். அம்மோனியாவினின்றும் எடுத்த நைட்ரஜனை அதே கோளத்தில் நிரப்பி நிறுத்தார், ஏறத்தாழ 2.299 கிராம். வேறுபாடு ஒரு கிராமில் நூற்றிலொரு பங்களவே. யாம் ஆயின் என் செய்திருப்பேம் என்பதை நீவிர் இதற்குள் அறிவீர். அவரோ அவ்வேறுபாட்டை மறைக்கவில்லை. அதனைப் பெரிதாக்கிக் காண வழி தேடினார். முதலிற் கண்டபோது ஆயிரத்தில் ஒரு பங்காயிருந்த வேறுபாட்டைச் சோதனை முறையை மாற்றி இருநூற்றில் ஒரு பங்காக்கினார். காரணம் தமக்குப் புலப்படவில்லை என்றும், வேதியியலார் யாரேனும் விளக்க வேண்டும் என்றும் 1892 ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் இதழுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். பிரபுப் பட்டம் உடையவர், பேராசிரியராய் இருந்தவர், எமக்குத் தெரியவில்லை என்று உலகறிய எழுதினார்! எமக்கோ ஐம்பது பேர் வகுப்பிற் கைதூக்க நாணமாயிருந்தது. பின்னர் வில்லியம் ராம்சே என்பார் துணை சேர்ந்தார். 1894 ஆம் ஆண்டில், காற்றில் அதுகாறும் எவரும் அறியாத வாயு ஒன்று நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு கலந்திருத்தலைக் கண்டனர். எதனோடும் சேராமையால் அதற்கு ஆர்கான் என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியிற் சோம்பல் என்னும் பொருளையுடைய சொல். நம் பள்ளி நூல்கள் இவ்வகையினவற்றை மந்த வாயுக்கள் என்று வழங்குதல் எத்துணைப் பொருத்தம்! இருவர்க்கும் 1904 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

இதனினும் எம்மைத் தொட்டது வேறொன்று. அதற்கு நூற்றொன்பது ஆண்டுகள் முன்னரே, 1785 இல், கேவண்டிஷ் என்பார் காற்றின் நைட்ரஜனையெல்லாம் மின்பொறி கொண்டு மாற்றிய பின்னரும் ஒரு சிறு குமிழி எஞ்சி நின்றதைக் கண்டார். அது முழுமையில் 120 இல் ஒரு பங்கிற்கு மேற்படாது என்றும் எழுதி வைத்தார். அஃதென்ன என்று அவர்க்கு விளங்கவில்லை. விளங்காததை விளங்காததாகவே எழுதி வைத்தார். அவ்வரிகளைப் படித்தபோது, 'நான்கு முறை செய்தும் தோன்றவில்லை. ஐயத்திற்குரியது' என்னும் எம் நண்பரின் விடைத்தாள் எம் கண்முன் வந்து நின்றது. நூலை மூடிவிட்டு நெடுநேரம் இருந்தேம்.

2024 ஆம் ஆண்டில், எம் பள்ளியில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியையிடம் தயங்கித் தயங்கி இவ்வளையத்தைப் பற்றி வினவினேம். அவ்வம்மையார் சிரித்து, 'ஐயா, அன்னபேதிக் கரைசல் பழையதாய் இருந்திருக்கும்' என்றார். காற்றுப்பட்டு நின்றால் அதிலுள்ள ஃபெரஸ் இரும்பு ஃபெரிக் இரும்பாய் மாறிவிடுமாம். பச்சை மங்கி மஞ்சள் ஏறுமாம். பின்னர் வளையம் வாராதாம். சோதனைக்குச் சற்று முன்னரே கரைத்துக்கொள்ளவேண்டும் என்பது முறையாம். இது பாடநூலிலும் உண்டு; புதிதாகக் கரைத்தது என்னும் அவ்வொரு சொல்லை யாம் மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதியிருக்கின்றேம். அன்று மாலையே எமக்காக இரண்டு குழாய்களில் அதனைச் செய்து காட்டினார். பழைய கரைசலில் ஒன்றும் இல்லை. புதியதில், அமிலம் இறங்கி நின்ற சிறிது நேரத்தில், தேனீரின் நிறத்தில் மெல்லியதொரு வளையம் திரண்டது. எம் நாற்பத்து மூன்றாம் ஆண்டில் அதனை முதன்முதலாகக் கண்டேம். குழாயை அசைத்தவுடன் கலைந்துவிட்டது. மீண்டும் ஒருமுறை செய்து காட்டுமாறு வேண்டிக்கொண்டேம்.

அடுத்துவந்த பொங்கல் விடுமுறையில் திருப்பூர் சென்று நண்பரைக் கண்டேம். சாயப் பட்டறை ஒன்றில் நிறங்கலக்கும் பொறுப்பில் இருக்கின்றார். அவர் மேசையின்மேல் ஒரு குறிப்பேடு. நிறம் ஒவ்வாமற் போன ஒவ்வொரு நாளும் தேதியும் அளவும் இட்டு அதிற் குறிக்கப்பட்டிருந்தது. யாம் பட்டியல் வாங்கியது முதலாக அனைத்தையும் சொன்னேம். சினந்திருந்தால் எமக்கு இலேசாயிருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே: 'மாப்பிள்ளை, புதிதாகக் கரைத்திருந்தால் வந்திருக்குமா?' வந்திருக்கும் என்றேம். 'அப்படியா' என்று சொல்லிச் சிறிது நேரம் சும்மா இருந்தார். பின்னர்த் தங்கையை அழைத்து எமக்குச் சாப்பாடு எடுத்துவைக்கச் சொன்னார். இன்று இவ்வவையில் இதனைச் சொல்லுதற்கு அவர் இசைவு பெற்றே வந்திருக்கின்றேம்.

தாய்மார்களே, பெற்றோர்களே! மருத்துவமும் பொறியியலும் கிடைக்காதவர்க்கு எஞ்சிய இடமே அறிவியற் பட்டம் என்று நம் இல்லங்களிற் பேசப்படுகின்றது. வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்று, 1928 இற் சி. வி. இராமனோடு ஒளிச்சிதறல் ஆய்வில் உடனிருந்து, பின்னர்த் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான கே. எஸ். கிருஷ்ணன் நம் பக்கத்தவர். இராமன் விளைவைப் பற்றித் தேர்விற் பத்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதிய எமக்கு, அவ்வூர் எம் ஊரினின்றும் பேருந்திற் சென்று வரும் தொலைவில் உள்ளது என்பதே தெரியாதிருந்தது. பிள்ளைகள் கல்லூரியினின்றும் வரும்போது மதிப்பெண்ணை மட்டும் வினவாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் இன்று எது வரவில்லை என்றும் வினவுங்கள். உங்களுக்கு அவர்கள் சொல்லுவது விளங்காமற் போகலாம். விளங்காதவர்க்கு விளங்கச் சொல்ல முயலும்போதே சொல்பவனுக்கு ஐயம் பிறக்கும். வகுப்பறையில் நாளும் நாம் காண்பது இது.

இனி எம் விண்ணப்பம். கல்வி நிதியினின்றும் யாம் மூன்றாண்டிற் பெற்ற ஒன்பதினாயிரம் ரூபாயை, அதனோடு மேலும் ஒன்பதினாயிரம் சேர்த்து, இன்று காலை காரியதரிசி அவர்களிடம் ஒப்புவித்து இரசீது பெற்றுக்கொண்டேம். அதனைக்கொண்டு தவறிய தேர்வை மீண்டும் எழுதுவோர்க்குக் கட்டணம் தரப்படுமாயின் மகிழ்வேம். ஒரு பாடத்தில் தவறினோர்க்கு உபகாரச் சம்பளத்தை உடனே நிறுத்தும் விதியை மாற்றி, மீண்டும் எழுத ஓராண்டு தவணை அளித்து, அவ்வாண்டும் உதவியைத் தொடர்ந்து வழங்கவேண்டும் என்னும் தீர்மானத்தை இப்பொதுக்குழுவின் முன் முன்மொழிகின்றேம். வழிமொழிவார் எவரேனும் எழுந்தருளுமாறு வேண்டுகின்றேம்.